கணினி நூல்: பருமனும் பயனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையிலே சிலம்பையும் குறளையும் கம்பனையும் பேசுவது நம் மரபு. இவ்வாண்டு எனக்குத் தரப்பட்ட பொருள் சற்றே வேறானது. கணினிக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் பெருநூல்கள் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன்படும், பயன்படும் நூலை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே அப்பொருள். இலக்கிய மேடையில் இதற்கு இடமுண்டோ என்று சிலர் ஐயுறலாம். ஒரு நூல் நல்ல நூலா அன்றா என்று ஆராய்வது தமிழர்க்குப் புதிய பழக்கம் அன்று. அதற்கென்று இலக்கணமே வகுத்த இனம் நம் இனம். ஆதலின் இப்பொருளையும் நம் மரபின் கண்கொண்டே பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

இந்நகரிலே வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, பாசறையை நம்பியும் ஆலைகளை நம்பியும் பின்னர் அரசுத் தொழிற்சாலைகளை நம்பியும் வந்த குடும்பங்கள். பாட்டன் ஆலையில் உழைத்தார். தந்தை தொழிற்சாலையில் பொறி இயக்கினார். பேரன் கணினியின் முன் அமர வேண்டும் என்பது இன்று வீட்டுக்கு வீடு உள்ள விருப்பம். அவ்விருப்பம் நிறைவேறுவதற்கு முதற்படியாகப் பெற்றோர் செய்வது யாது? நூல் வாங்குவது. அவென்யூ சாலைக்குச் செல்கிறார்கள். பழைய நூல்களும் புதிய நூல்களும் மலைபோற் குவிந்திருக்கின்றன. அவற்றுள் எது மிகப் பருமனாக இருக்கிறதோ, எதன் அட்டையில் 'முழுமையான வழிகாட்டி' என்ற பொருள்பட எழுதியிருக்கிறதோ, அதனையே வாங்கி வருகிறார்கள். "எல்லாம் இதிலேயே இருக்கிறது, இனி நீ படிக்க வேண்டியதுதான்" என்று பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள்.

பின்பு நடப்பதை நாம் அறிவோம். பிள்ளை முதல் இயலை ஆவலோடு படிக்கிறான். இரண்டாம் இயலைக் கடமைக்காகப் படிக்கிறான். மூன்றாம் இயலில் நின்றுவிடுகிறான். ஆயிரம் பக்க நூல் அலமாரியின் மேல் ஏறுகிறது. நூலுக்குக் கொடுத்த பணம் போயிற்று என்பது சிறிய இழப்பே. "எனக்கு இந்த அறிவு இல்லை போலும்" என்று பிள்ளை தன்னைப் பற்றி முடிவு கட்டிக்கொள்கிறானே, அதுதான் பேரிழப்பு. பெற்றோரும் அவ்வாறே எண்ணிவிடுகின்றனர். குற்றம் நூலிலா, பிள்ளையிடமா என்று கேட்பார் எவருமில்லை. அக்கேள்வியைக் கேட்கவே நான் இன்று நிற்கிறேன்.

முதலில் நிரல் என்பது யாது என்பதைத் தாய்மார்களும் உணருமாறு கூறிவிடுகிறேன். நம் சங்கத்தின் சந்தாக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொரு பெயராக எடு; சந்தா செலுத்தியவராயின் தொகையைக் கூட்டு; செலுத்தாதவராயின் பெயரைத் தனித்தாளில் எழுது; பட்டியல் முடியும் வரை இவ்வாறே செய்; முடிவில் மொத்தத்தைக் கூறு. இவ்வாறு வரிசைப்பட அமைந்த கட்டளைகளின் தொகுதியே நிரல். இதனைக் கணினிக்கு விளங்கும் மொழி ஒன்றில் எழுதுவதே நிரலாக்கம். சி, ஜாவா, பைத்தான் என்பன அத்தகைய மொழிகள்.

எளிதாகத் தோன்றுகிறது அன்றோ? ஆயினும் சந்தாவில் பாதியை மட்டும் செலுத்தியவர் ஒருவர் இருந்தால் என்ன செய்வது? ஒரே பெயரில் இருவர் இருந்தால் என்ன செய்வது? நம் பொருளாளராயின் ஐயம் தோன்றியவுடன் செயலாளரைக் கேட்பார். பொறி கேட்காது. சொன்னதைச் சொன்னபடியே செய்து, தவறான கணக்கைத் தயக்கமின்றித் தந்துவிடும். ஆகவே நிரல் எழுதுவோன் வரக்கூடிய இடர்களை எல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கப் பழக வேண்டும். இப்பழக்கம் படித்துப் பெறுவதன்று; செய்து பெறுவது. நீந்தக் கற்பவனும் வீணை கற்பவனும் எவ்வாறோ, அவ்வாறே நிரல் கற்பவனும். இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் நூலை மதிப்பிடும் வழி தானே தெளிவாகும்.

இனி நம் முன்னோர் வகுத்த அளவுகோலுக்கு வருவோம். நன்னூலை நீங்கள் அறிவீர்கள். பவணந்தி முனிவர் அதனை இயற்றியது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய காலத்தில். இயற்றுமாறு வேண்டியவன் கங்க மரபினனான சீயகங்கன் என்னும் சிற்றரசன். கங்கர்கள் தொடக்கத்தில் நமக்கு அண்மையிலுள்ள கோலாரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள். அவர் மரபில் வந்த ஒருவன் வேண்டிப் பெற்ற தமிழ் நூலை இம்மண்ணில் நின்று நினைப்பது நமக்குப் பெருமை தருவதாகும். அந்நூலின் பாயிரம், எழுத்தையும் சொல்லையும் பேசுவதற்கு முன்பே நூல் என்பது யாது, அதற்கு வரக்கூடிய பத்துக் குற்றங்கள் யாவை, அமைய வேண்டிய பத்து அழகுகள் யாவை என்று வரையறுத்துவிடுகிறது. ஓலைச்சுவடிக்கு வகுத்த அவ்வளவுகோல் கணினி நூலுக்கும் பொருந்துவதைக் கண்டு நான் வியந்ததுண்டு.

அப்பத்துக் குற்றங்களுள் சிலவற்றை மட்டும் எடுத்துப் பொருத்திப் பார்ப்போம்.

குன்றக் கூறல் என்பது ஒன்று. வேண்டியதைச் சொல்லாது விடுதல். பல பெருநூல்களில் ஒழுங்காக இயங்கும் நிரல்கள் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். கற்பவன் எழுதும் முதல் நிரலோ பெரும்பாலும் ஓடாது. திரையில் பிழைச் செய்தி ஒன்று தோன்றும். அச்செய்தியை எப்படிப் படிப்பது, பிழை எந்த வரியில் என்று எப்படித் தேடுவது என்பதைப் பற்றி நூல் வாய் திறவாது. ஆயிரம் பக்கம் இருந்தும் மிக வேண்டிய ஒரு பக்கம் இல்லாத நூல் அது.

மிகைபடக் கூறல் இரண்டாவது. நிரல் எழுத வந்தவனுக்குக் கணினியின் வரலாற்றை வெற்றிடக் குழாய்க் காலத்திலிருந்து ஐம்பது பக்கங்களில் கூறுவதும், திரையின் படங்களையே பக்கம் பக்கமாக நிரப்புவதும் இவ்வகை. கூறியது கூறல் மூன்றாவது. ஒரே நிரலை எண்ணை மட்டும் மாற்றிப் பத்து முறை அச்சிட்டால் நூல் பருக்கும், அறிவு பருக்காது.

மயங்க வைத்தல் நான்காவது. நூறாம் பக்கத்தில் விளக்கப்படும் சொல்லைப் பத்தாம் பக்கத்திலேயே விளக்கமின்றிப் பயன்படுத்துதல் இதன்பாற்படும். மூன்றாம் இயலில் நின்றுவிடும் பிள்ளைகளுள் பலர் இக்குற்றத்தால் நின்றவர்களே. சென்று தேய்ந்திறுதல் ஐந்தாவது. முதல் இயல்கள் செழிப்பாகத் தொடங்கும். கடினமான இறுதி இயல்களோ அவசரத்தில் எழுதப்பட்டு மெலிந்து முடியும். தொடக்கத்தை மட்டும் பார்த்து நூல் வாங்குவோர் இக்குற்றத்தைக் காணவே இயலாது.

நின்று பயனின்மை ஆறாவது. சொற்கள் தாளில் நிற்கும். அவற்றால் ஆகும் பயன் இராது. கணினி நூல்களில் இக்குற்றம் காலத்தால் வருவது. இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுகிறேன். பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிவுற்றது. திரையில் ஒரு சொல்லைக் காட்டும் கட்டளையை இரண்டாம் பதிப்பில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதலாம். மூன்றாம் பதிப்பில் அடைப்புக்குறி இன்றி எழுதினால் பொறி பிழை என்று மறுத்துவிடும். பழைய நூலை வைத்துக்கொண்டு புதிய கணினியில் பயிலும் பிள்ளைக்கு முதற்பாடத்தின் முதல் வரியே ஓடாது. அவன் தன்னை நொந்துகொள்வானேயன்றி நூலின் ஆண்டைப் பார்ப்பானா?

மற்றொன்று சி மொழியைப் பற்றியது. போர்லாண்டு நிறுவனம் 1987இல் டாஸ் இயக்க முறைமைக்கென வெளியிட்ட டர்போ சி என்னும் கருவியை நம் நாட்டுக் கல்லூரிகள் பல நெடுங்காலம் கைவிடவில்லை. அக்கருவியை ஒட்டி எழுந்த நூல்களில் திரையைத் துடைப்பதற்கும், விசை ஒன்றை அழுத்தும் வரை நிறுத்தி வைப்பதற்கும் அக்கருவிக்கே உரிய கட்டளைகள் ஒவ்வொரு நிரலிலும் வரும். அவை சி மொழியின் பொதுத் தரத்தில் இல்லாதவை. இன்றைய நிரல்பெயர்ப்பிகள் பலவற்றில் அந்நிரல்களை அப்படியே இட்டால் ஏற்கப்படமாட்டா. அவென்யூ சாலையில் மலிவாகக் கிடைக்கும் பழைய நூல்களில் இத்தகையவை இன்றும் உண்டு. மலிவு என்று வாங்குமுன் அச்சான ஆண்டையும், எந்த மொழியின் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

'முழுமையான நூல்' என்ற சொல்லையும் சற்று ஆராய்வோம். முழுமை என்பது இத்துறையில் எளிதில் எய்தக் கூடியதா? அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு குனுத் என்பவரின் வரலாறு இதற்கு விடை தரும். 1962இல் அவர் ஒரு நூல் எழுத ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு இயல்களில் முடித்துவிடலாம் என்று திட்டமிட்டார். எழுத எழுத அது விரிந்தது. ஒரு நூல் ஏழு தொகுதிகளாகத் திட்டமிடப்பட்டது. 'கணினி நிரலாக்கக் கலை' என்று பொருள்படும் அந்நூலின் முதல் தொகுதி 1968இலும், இரண்டாவது 1969இலும், மூன்றாவது 1973இலும் வெளிவந்தன. நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011இலும், அடுத்த பகுதி 2022இலும் வெளிவந்தன. இடையில் தம் நூலின் அச்சு அழகு மனநிறைவு தராமையால், 1977இல் தொடங்கி அச்சுக்கோப்பதற்கென்றே டெக் என்னும் தனி மென்பொருளையும் அவர் படைத்தார். அறுபது ஆண்டுகளாக ஒரு பேரறிஞர் உழைத்தும் முற்றுப்பெறாத முழுமையை ஓர் அட்டையின் மேல் எழுதிய சொல் தந்துவிடுமோ?

அதே பேராசிரியரிடம் நாம் கற்க வேண்டிய மற்றொரு பண்பும் உண்டு. தம் நூலில் பிழை கண்டு முதலில் தெரிவிப்பவர்க்கு 2.56 டாலர் வெகுமதி என்று அறிவித்தார். அவ்வாறே வழங்கியும் வந்தார். தன் பிழைகளைத் தானே தேடித் திருத்தி வெளியிடும் ஆசிரியரின் நூலை நம்பலாம். திருத்தப் பட்டியலே இல்லாத பெருநூலை நம்புமுன் இருமுறை எண்ண வேண்டும்.

இதற்கு மறுதலையாகச் சிறிய நூல் ஒன்றையும் காட்டுகிறேன். சி மொழியைப் படைத்தவர் டென்னிஸ் ரிச்சி. அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து அம்மொழிக்கு எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. அதன் பக்கங்கள் 228. உலகத்தை வணங்கும் இரு சொற்களைத் திரையில் காட்டுவதை முதற்பயிற்சியாக வைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது அந்நூலால்தான். ஆயினும் அந்நூலின் முன்னுரை மிகுந்த நேர்மையுடன் ஒன்றைக் கூறிவிடுகிறது. இது முதன்முதலாக நிரல் கற்பார்க்கு எழுதிய நூல் அன்று, புதியவரும் படித்துச் செல்லலாம், ஆனால் அறிந்த துணைவர் ஒருவர் அருகில் இருந்தால் நலம் என்பது அதன் கருத்து. தான் யாருக்கு உரியது, யாருக்கு உரியதன்று என்று நூலே கூறுவது எவ்வளவு பெரிய உதவி! சிறிய நூல் என்பதால் மட்டும் அது எல்லார்க்கும் பொருந்திவிடாது என்பதையும் இதனால் அறிகிறோம்.

நம் மரபிலே காண்டிகை உரை என்றும் விருத்தி உரை என்றும் இருவகை உண்டு. காண்டிகை சுருக்கமாகப் பொருள் உணர்த்துவது. கற்கப் புகுவோர்க்கு ஏற்றது. விருத்தி அகலமாக எல்லாவற்றையும் ஆராய்வது. கற்றோர் தம் ஐயம் தீர நாடுவது. நன்னூலுக்கே இவ்விருவகை உரைகளும் உண்டு. கற்கத் தொடங்கும் சிறுவனிடம் விருத்தியுரையை எவரேனும் கொடுப்பாரா? கணினிப் பெருநூல்கள் விருத்தி போன்றவை. அவை வேண்டாதவை என்று நான் கூறவில்லை. வேலையில் அமர்ந்தபின், ஒரு கட்டளையின் நுட்பம் மறந்தபோது புரட்டிப் பார்க்க அவை பெரிதும் உதவும். அகராதியை முதற்பக்கத்திலிருந்து இறுதிப்பக்கம் வரை படித்து மொழி கற்பார் இல்லை. ஆயினும் அகராதி இல்லாமல் மொழியறிவு வளர்வதும் இல்லை. பெருநூலின் பயன் அத்தகையது. அதனைத் தொடக்க நூலாகக் கொடுப்பதுதான் பிழை.

காண்டிகை போன்ற நூல் எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு நம்மவர் ஒருவரின் வாழ்வே சான்றாக இருக்கிறது. பேராசிரியர் வி. இராஜாராமன் 1933இல் ஈரோட்டில் பிறந்தவர். இந்நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் அங்கே ஐ.பி.எம். 1620 என்னும் கணினி நிறுவப்பட்டது. அக்காலத்தில் நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்து, அச்சிட்ட விடைத்தாளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் மீண்டும் அட்டை துளைத்து மீண்டும் காத்திருக்க வேண்டியதே.

அங்கே அவர் மாணவர்க்கு மட்டுமன்றி, நாட்டின் பல இடங்களிலிருந்து வந்த பொறியியலாளர்க்கும் அறிவியலாளர்க்கும் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். நம் நாட்டு மாணவர் வாங்கத்தக்க விலையில் தக்க நூல் அன்று இல்லை. ஆதலின் வகுப்பில் கற்பித்த பாடக்குறிப்புகளையே நூலாக்கினார். கணினி நிரலாக்கக் கோட்பாடுகளைப் பற்றிய அந்நூல் 1960களின் இறுதியில் மலிவான இந்தியப் பதிப்பாக வெளிவந்து நாடெங்கும் பரவியது. வகுப்பில் மாணவர் எங்கே தடுமாறினர், எந்தக் கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்டனர் என்று கண்ட ஆசிரியர் எழுதிய நூலுக்கும், வேறு நூல்களைப் பார்த்துத் தொகுத்த நூலுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் மொழிகள் மாறின. அவர் பழைய நூலையே ஊதிப் பெருக்கவில்லை. ஃபோர்ட்ரான் மொழிக்கு ஒரு நூல், பாஸ்கல் மொழிக்கு ஒரு நூல், சி மொழிக்கு ஒரு நூல் என்று தனித்தனியே எழுதினார். 1982இல் இந்நகருக்கே மீண்டு இந்திய அறிவியல் கழகத்தில் மீக்கணினி மையத்தை அமைத்து நடத்தினார். கணினித் துறைக்கு ஆள் பயிற்றுவது பற்றி அவர் தலைமையில் ஆராய்ந்த அரசுக் குழுவின் பரிந்துரையாலேயே எம்.சி.ஏ. என்னும் பட்டப்படிப்பு தோன்றியது. இந்த அவையில் அமர்ந்திருப்போர் வீடுகளில் அப்பட்டம் பெற்ற பிள்ளைகள் இருக்கக் கூடும். 1998இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. அறிவியல் ஆராய்ச்சியாளர் பலர் எளிய நூல் எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாக எண்ணுவர். அவர் அவ்வாறு எண்ணவில்லை. அதனால் பயனடைந்தவர் பல்லாயிரவர்.

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழ் வழியிலோ கன்னட வழியிலோ பயின்ற பிள்ளை ஆங்கிலப் பெருநூலைத் திறக்கும்போது இரு மலைகளை ஒருங்கே ஏற வேண்டியிருக்கிறது. ஒன்று நிரலின் கருத்து. மற்றொன்று ஆங்கில உரைநடை. இரண்டாவது மலையில் வழுக்கியவன் முதல் மலையில் வழுக்கியதாகத் தவறாக எண்ணிக்கொள்கிறான். அவனுக்குத் தாய்மொழி நூல் முதற்படியாக அமைவது பெருந்துணை. இன்று அத்தகைய நூல்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2019 முதல் பைத்தான் மொழியைக் கற்பிக்கிறது. அது தமிழிலும் உண்டு. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழைச் சார்ந்த தன்னார்வலர்கள் எளிய தமிழில் பல கணினி நூல்களை எழுதி, எவரும் விலையின்றிப் படிக்கவும் பகிரவும் வழங்கியிருக்கின்றனர். மாறி, மடக்கு, செயற்கூறு என்ற தமிழ்ச் சொற்களால் கருத்து விளங்கியபின், அவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கற்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை.

ஆயினும் தமிழ் நூல் என்ற ஒரே காரணத்தால் அதற்குச் சலுகை காட்டுதல் கூடாது. நன்னூலின் பத்துக் குற்றங்களைத் தமிழ் நூலுக்கும் தயக்கமின்றிப் பொருத்திப் பாருங்கள். தமிழிலே படித்துத் தொடங்கியவன் ஆங்கில நூலுக்கும் செல்லத்தான் வேண்டும். தொழில் உலகம் அம்மொழியில் நடைபெறுகிறது என்பதை மறைத்துப் பிள்ளைகளை ஏமாற்றலாகாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், "கேட்டால் பொறியே நிரல் எழுதித் தருகிறதே, இனி நூல் எதற்கு?" என்று மாணவர் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. நான் முன்னர்ச் சொன்ன சந்தாக் கணக்கை நினைவிற் கொள்ளுங்கள். பாதிச் சந்தா செலுத்தியவரை என்ன செய்வது என்று அந்த எழுத்துப் பொறி எண்ணியிருக்கலாம், எண்ணாமலும் விட்டிருக்கலாம். அது தந்த நிரல் சரியா தவறா என்று சொல்ல வேண்டியவர் நீங்களே. கணக்கே அறியாதவர் கணக்கப்பிள்ளையை எவ்வாறு மேற்பார்வை செய்ய இயலும்? பொறியின் விடையை ஆராயும் அறிவைப் பெறுவதற்கேனும் அடிப்படையைச் சொந்தமாகக் கற்றாக வேண்டும். கற்றபின் அதனைத் துணையாகக் கொள்வதில் குற்றமில்லை.

ஆகவே நூல் வாங்கும் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நான் கூறும் சோதனை இது. கடையிலேயே அரைமணி நேரம் செலவிடுங்கள். முதலில் அச்சான ஆண்டையும் மொழியின் பதிப்பையும் பாருங்கள். அடுத்து முன்னுரையைப் படித்து, நூல் யாருக்கென்று எழுதப்பட்டது என்று பாருங்கள். பின்பு முதல் இயலை விட்டுவிட்டு நடுவில் ஓர் இயலைத் திறந்து, பயிற்சி வினாக்கள் உள்ளனவா, அவை எண்ணிச் செய்யத்தக்கனவா, மனப்பாடமாக ஒப்பிக்கத்தக்கனவா என்று பாருங்கள். ஒரு சொல்லை இறுதியிலுள்ள அகரவரிசையில் தேடி, அது காட்டும் பக்கத்தில் விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிழைச் செய்திகளைப் பற்றி எங்கேனும் பேசுகிறதா என்று பாருங்கள். கணினி அறியாத தாயும் தந்தையும்கூட இச்சோதனையைச் செய்யலாம். பிள்ளையை உடன் அழைத்துச் சென்று, அவனையே ஒரு பக்கம் படித்துத் தன் சொல்லால் கூறச் செய்தால் இன்னும் நன்று. அவனால் கூற முடிந்தால் அது அவனுக்குரிய நூல்.

நல்ல நூல் கிடைத்துவிட்டது. அது மட்டும் போதுமா? போதாது என்கிறது நன்னூல். ஆசிரியர் கூறியதை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்கு வருவது கால் பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு கூடிப் பயிலுங்கால் மற்றொரு கால் பங்கு வருகிறது. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வருகிறது. இதுவே பவணந்தியார் போட்ட கணக்கு. ஆசிரியரின் வாய்மொழிக்கே கால் பங்கு என்றால், அச்சிட்ட தாளுக்கு அதனினும் மிகுதியாக எப்படி அளிப்பது? எல்லாம் அடங்கிய பெருநூலும்கூட ஒரு காலுக்கு மேல் தர இயலாது. எஞ்சிய முக்கால் பங்கை நாம்தாம் தர வேண்டும்.

இங்கேதான் நம் சங்கத்தின் கடமை வருகிறது. வீட்டுக்கு வீடு ஒரு பெருநூல் வாங்கி அலமாரியில் ஏற்றுவதை விட்டு, விருத்தி போன்ற பெருநூல்களில் ஒவ்வொரு படி சங்க நூலகத்தில் இருக்கட்டும். காண்டிகை போன்ற சிறுநூலைப் பிள்ளைகள் தத்தமக்கு வாங்கிக்கொள்ளட்டும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இம்மன்றத்தில் கூடிப் பயிலட்டும். கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள் நம் குடியிருப்பிலே பலர் இருக்கின்றனர். முறை வைத்து ஒருவர் வந்து அமர்ந்தால் போதும்; அறிந்த துணைவர் அருகிருக்க வேண்டும் என்ற குறை நீங்கிவிடும். மேல் வகுப்பு மாணவி கீழ் வகுப்பு மாணவிக்குக் கற்பிக்கட்டும், இருவரும் வளர்வர். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்வோம். நம் சங்கத்தின் சந்தாக் கணக்கையே அவர்கள் முதல் நிரலாக எழுதிக் காட்டட்டும். பொருளாளர் அவர்கள் அதைச் சரிபார்த்துக் குற்றம் கண்டுபிடித்தால், அதைவிடச் சிறந்த பாடம் வேறு எந்த நூலிலும் இராது.

அலமாரியின் மேல் நின்றுபோன நூல் உங்கள் வீட்டில் இருக்குமானால், இன்றிரவே அதனைக் கீழே இறக்குங்கள். நன்னூலின் குற்றங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். குற்றம் நூலினது என்று தெரியவந்தால், அதனைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "நீ தோற்கவில்லை, உனக்குரிய நூல் உன்னிடம் வரவில்லை" என்று தந்தையின் வாயால் கேட்கும் பிள்ளை மீண்டும் தொடங்குவான். அவ்வாறு தொடங்குவோர் வரும் ஞாயிறன்றே இம்மன்றத்திற்கு வரலாம். முதல் வகுப்பிற்கு நான் வருகிறேன் என்று செயலாளர் அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.